பங்களா ஜன்னலில் இரண்டு ஆணி

இரண்டு நாளாக எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. மகன் எங்கள் வீட்டுக்கு அலுமினிய ஜன்னல் போடுகிறான். பின்சுவரில் சாரல் அடிக்காமல் இருக்க, வெளிப்பக்கம் முழுவதும் மரம் மாதிரியே தெரியும் பிளாஸ்டிக் பலகையும் அடிக்கப் போகிறானாம். நல்ல காரியம்தான். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேலைக்காரர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் நமக்குக் குந்த இடமிருக்காது. கதிரையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைய வேண்டும். தேத்தண்ணி ஊற்றி வைத்தால் அதிலும் தூசு.

ஆனால் என்னை அலைக்கழிப்பது அதுவல்ல. நேற்றுக் காலை பழைய ஜன்னலைக் கழற்றி முற்றத்தில் சாத்தி வைத்தார்கள். இரண்டு கதவு, கதவுக்கு மூன்று கண்ணாடி. ஒவ்வொரு கதவின் கீழ்ச்சட்டத்திலும் ஒரு சின்ன ஓட்டை. அதை வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது. வருடா வருடம் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசி மறைத்தவள் நான்தான். கழற்றும்போது தட்டிய தட்டில் புட்டி உதிர்ந்துவிட்டது. நேற்றிலிருந்து ஐந்தாறு தடவை முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மருமகள், "என்னா மாமி, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறாள்.

எனக்குப் பத்து வயது நடந்த அந்த மழைக்காலத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

மஹய்யாவயில் இதே இடத்தில்தான் அப்போதும் எங்கள் வீடு, லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்று. முன்பாதி கல், பின்பாதி பலகை. அப்பா நகரசபையில் ரோட்டு வேலை செய்தார். பின்சுவர்ப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி அடித்திருப்பார்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வழிந்து போவதற்காக. மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அப்பா அதற்குத் தார் பூசுவார். ஒரு வாரத்துக்குச் சோற்றிலும் தார் மணக்கும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். சுவரில் மூக்கை வைத்து மோந்துவிட்டு, கறுத்த மூக்கோடு பள்ளிக்கூடம் போய் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் தார் பூசிப் பயனில்லை. பலகை உளுத்துவிட்டது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. நான் சும்மா இருக்கிற பிள்ளையா? ஒரே நாளில் பதினொரு இடத்தில் குத்தி வைத்தேன். அம்மா விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்தினார்.

அந்தப் பின்னறையில்தான் அக்கா படிப்பாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் எவ்வளவு துள்ளலோ அவள் அவ்வளவு அமைதி. அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் குப்பி விளக்கு எரியும், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியப் படிப்பாள். டவுனில் இருந்த பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர ஒரு பரீட்சை வைத்தார்கள். எங்கள் லயத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் எழுதியதில்லை. அக்காவின் வயதுக்கு அதுதான் கடைசி வருடம். டீச்சர் வீடு தேடி வந்து, "இந்தப் பிள்ள நிச்சயம் பாஸ் பண்ணும், அனுப்பாம இருந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் போன பிறகு அப்பா நெடுநேரம் பின்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொவரு எப்பிடியும் மாத்தத்தானே வேணும். மாத்துறப்பவே இவளுக்கு ஒரு ஜன்னல் வச்சிருவோம்" என்றார்.

ஜன்னலைக் கொண்டுவந்தது அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே துரை பங்களாவில் ஜன்னல்களை மாற்றியபோது, கழித்துப் போட்டதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஒரு கண்ணாடி வழியிலேயே உடைந்துபோயிற்று. அந்த இடத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டி வைத்தார். மீதி ஐந்து கண்ணாடியும் அருமையான கண்ணாடி. ஒன்றில் மட்டும் ஒரு நெளிவு இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே அதற்குள் பார்த்தால் எதிர்மலையும் ஆடும். லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் நான் வரிசையில் நிறுத்தி மலையை ஆட்டிக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் பழைய பலகையைப் பிரித்தார்கள். பின்சுவர் இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். எங்கள் அடுப்பு, பாய், அம்மாவின் உள்பாவாடை எல்லாம் பின்னால் கீழே போகும் ரோட்டிலிருந்து தெரிந்தது. திங்கட்கிழமை புதுப் பலகை அடிப்பதாகப் பேச்சு. அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் அக்கா பெரியவளாகிவிட்டாள்.

சுவரே இல்லாத வீட்டில் ஒரு பெண் பெரியவளானால் என்ன செய்வது? அம்மா சேலைகளை எடுத்துக் கட்டினார், காற்று தூக்கியது. சாக்கைக் கட்டினார், மழை வந்து நனைத்தது. அத்தைக்கு ஆள் போயிற்று. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாலு வீடு தள்ளி, அதே வரிசையில் மேலே இருந்தார். லயத்தில் நல்லது கெட்டது எல்லாம் அத்தை சொன்னால்தான் நடக்கும். வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா தம்பி, வயசுக்கு வர்ற வயசுல ஒரு புள்ளைய வச்சிக்கிட்டு யாராச்சும் சொவத்தப் பிரிப்பானா? ஒன்னச் செஞ்சா ஒன்ன மறந்துருவ நீ. சின்னதுலயிருந்தே இப்பிடித்தான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சாப்பாடு ஊட்டி வளர்த்தது அத்தை. அத்தை முன்னால் அப்பா எப்போதும் சின்னப் பிள்ளைதான்.

பெரியவளான பெண்ணுக்குத் தாய்மாமன் குச்சு கட்ட வேண்டும். பச்சை ஓலையில் ஒரு சின்னக் குடிசை. பதினாறு நாள் அவள் அதற்குள்தான் இருக்க வேண்டும். நல்லவேளை, மாமா கையில் சுத்தியலோடுதான் நின்றார். சுவரையும் அடைக்க வேண்டும், குச்சையும் கட்ட வேண்டும், மழையும் பிடித்துக்கொண்டது. மாமா ஒரு யோசனை செய்தார். புதுப் பலகையை அடித்து ஜன்னலை வைத்தார். வீட்டுக்குள்ளேயே, அந்த ஜன்னலோடு சேர்த்து மூன்று பக்கமும் தென்னை ஓலையைக் கட்டிவிட்டார். நாலாவது பக்கம் வீட்டின் புதுச்சுவர். ஆக, யார் கண்ணிலும் படக்கூடாத பெண்ணுக்குப் பங்களா ஜன்னல் வைத்த குச்சு கிடைத்தது. மாமா பெருமையோடு கலஹா பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

அத்தைக்கு நெஞ்சு பதறிவிட்டது. "குச்சுக்குள்ள வைக்கிறது ஊருக்குக் காட்டவா?" என்று சொல்லி ஐந்து கண்ணாடிக்கும் சுண்ணாம்பு பூசினார். எதிர்மலை மறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரீட்சை ஒன்பதாம் நாள் வந்தது. அப்பா மூன்று தடவை அத்தையிடம் போய்க் கேட்டார். மூன்று தடவையும் நான் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"காலையில போயிட்டு மத்தியானம் வந்துரும் அக்கா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"எம் மகளையும் இப்பிடித்தான் அவசரப்பட்டு வெளிய விட்டோம். என்னா ஆச்சின்னு ஒனக்குத் தெரியாதா?"

அத்தைக்கு ஒரே மகள் இருந்தாள். குச்சிலிருந்து நாள் முடியுமுன் வெளியே வந்தவள், அந்த மாதமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சலுக்கும் குச்சுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது நமக்குத் தெரியும். அத்தைக்கு யார் சொல்வது? அப்போது எனக்கு அத்தை ஒரு முசுடு, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் அக்கா அத்தையிடம் மாட்டிக்கொண்டாள். சுண்ணாம்பில் நகத்தால் சுரண்டி, ஒரு காசு அளவுக்குத் துளை வைத்திருந்தாள். அதன் வழியே விழுந்த வெளிச்சத்தில் கணக்குப் புத்தகத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாளாம். புத்தகத்தை ஓலைக்கு அடியில் தள்ளிவிட்டது நான்தான், அது அத்தைக்குத் தெரியவில்லை. ஆனால் அது வெளியே திறக்கிற ஜன்னல் என்பதை அத்தை அன்றைக்குத்தான் கவனித்தார்.

"தம்பி, இப்பவே போயி வெளிப்பக்கமா ரெண்டு கதவுக்கும் ஆணி அடி."

அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று தட்டு. திரும்பி வந்து சுத்தியலை மூலையில் வைத்தார். அத்தைக்கு அப்போதுதான் வெற்றிலை இறங்கியது.

அந்தப் பருவத்தில் நான் என்னையே மேஸ்திரியாக நியமித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு சுற்றுப் போய் எந்தப் பலகை சரியாக ஏறியிருக்கிறது, எந்த ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்து அப்பாவிடம் அறிக்கை சொல்வேன். எட்டாம் நாள் பின்னேரம் அப்படிப் போனபோது ஜன்னலைப் பார்த்தேன். ஆணியைக் காணவில்லை. இரண்டு கதவிலும் இல்லை. சட்டத்தைத் தடவிப் பார்த்தேன், ஆணி போன தடம்கூட இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஆணியை மறந்துவிட்டு வெறும் பலகையில் தட்டிவிட்டு வந்திருக்கிறார்! அத்தை பார்த்தால் என்ன சொல்வார்? ஒன்னச் செஞ்சா ஒன்ன மறந்துருவ. அந்த வார்த்தையை அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்பதை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஓடிப்போய்த் தகர டப்பாவிலிருந்து இரண்டு அங்குல ஆணி இரண்டு எடுத்தேன். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். அத்தை தன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், அம்மா பைப்படியில். தட்டினேன். முதல் ஆணி வளைந்தது. பக்கவாட்டில் தட்டித் தட்டி எப்படியோ கதவு வழியாக நிலைக்குள் அனுப்பினேன். இரண்டாவதும் வளைந்தது. பெருவிரல் நகம் கறுத்துப்போயிற்று. கடைசியில் ஆணித்தலை இரண்டும் மரத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டன. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைக்கூட அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கு வெட்கமாக இருக்குமே என்று.

ஒன்பதாம் நாள் விடியும்போது நல்ல மழை. குச்சின் வாசலில் அத்தை படுத்திருந்தார், அத்தையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நான். அப்பா குடையையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே வேலைக்குப் புறப்பட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் குச்சுக்குள்ளே மரம் கிரீச்சிட்ட சத்தம் ஒன்று கேட்டது. ஒரே ஒரு தடவைதான். காற்று ஜன்னலைத் தள்ளுகிறது, நல்லவேளை ஆணி அடித்தோம் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தேன்.

பத்து மணிக்கு அப்பா திரும்பி வந்தார். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் அடுப்படியில் போய்க் குந்தினார். அம்மா பையைத் திறந்தார். உள்ளே அக்காவின் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். சப்பாத்து. பென்சில், அடிமட்டம். அம்மா சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். அப்பா எதையும் மறக்கவில்லை. அக்கா ஜன்னல் வழியே இறங்கிப் பரீட்சைக்கு வரட்டும் என்று, வேண்டுமென்றுதான் ஆணி அடிக்காமல் விட்டிருக்கிறார். ஓட்டை வாய் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏழு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று குறட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பின்வழியில் யாரோ வந்தார்கள்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, அக்காவைச் சேலை கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். மாமா சீரோடு வந்திருந்தார். குச்சு ஓலையைப் பிரித்து எரித்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட அப்பா பின்னால் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. நான் மூலையில் நின்று பார்த்தேன். ஆணி இரண்டையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேராக உள்ளே வந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தையின் கையில் அதைப் போட்டார்.

அத்தை அதைப் பார்த்தார், அப்பா அடித்த ஆணி என்றுதான் நினைத்திருப்பார். வளைந்த ஆணியாக இருந்தாலும் தூக்கிப் போடுகிற காலமா அது? "வச்சிருக்கேன், எதுக்காச்சும் ஒதவும்" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தான் ஆணி அடிக்காததைக் கண்டுபிடித்து, பேசாமல் அத்தையே வந்து அடித்திருக்கிறார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கேட்டிருந்தால் அத்தை இல்லையென்று சொல்லியிருப்பார். அப்பா கேட்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயை அத்தையிடம் அவர் பிறகு திறக்கவேயில்லை.

நாலு வீடுதான் தள்ளி. ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தோம், ஒரே கோவிலில் தேர் இழுத்தோம். அத்தை எதிரே வந்தால் அப்பா ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். தீபாவளிக்கு அத்தை கொடுத்துவிடும் பலகாரம் தட்டோடு திரும்பிப் போகும். அத்தை செத்த அன்று அப்பா தோள் கொடுத்தார். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. நடுவில் எத்தனையோ தடவை அத்தை என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஒங்கப்பனுக்கு நான் என்னாடி செஞ்சேன்? நீயாச்சும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி ஓடியிருக்கிறேன். சின்னப் பிள்ளையாக ஓடினேன், குமரியாகவும் ஓடினேன், கையில் பிள்ளையோடும் ஓடினேன். சொன்னால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

அக்கா பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே கொஞ்ச நாள் படித்தாள். தெல்தோட்டையில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத வாழ்க்கைதான். பின்சுவரை நாங்கள் கல்லால் கட்டியபோது, அந்த ஜன்னலையே திரும்ப வைக்கச் சொல்லி நான் சண்டை பிடித்தேன். கண் முன்னால் இருந்தால்தானே ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்க முடியும்.

புது ஜன்னலைப் பார்க்க இன்றைக்கு அக்கா வந்தாள். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். முற்றத்தில் பழைய ஜன்னலுக்கு எதிரே கதிரை போட்டு உட்கார வைத்தேன். நான் நின்றேன், நடந்தேன், திரும்ப நின்றேன். கடைசியில் அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஆணி அடித்தது அத்தை இல்லை, நான்.

அக்கா குனிந்து ஓட்டையில் விரலை வைத்தாள்.

"தெரியும்டி. எத்தன தட்டுத் தட்டுன! நான் உள்ளதானே இருந்தேன். அத்த அடிச்சிருந்தா ரெண்டே தட்டுல முடிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் என்னைய நிறுத்தல?"

"மொதல்ல சத்தம் போட்டா யாருக்காச்சும் கேட்டுருமோன்னு பயந்தேன். அப்பறம் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்." ஓட்டையிலிருந்து விரலை எடுத்தாள். "நீ அடிச்ச ஆணி ஒரு ஆணியாடி? காலையில தள்ளுனேன், மொதத் தள்ளுலயே வந்துருச்சு."

"என்னா வந்துருச்சு?"

"ஜன்னலு. ஒரு சாண் தொறந்துச்சு. கீழ ரோட்டுல அப்பா கொடையோட நிக்கிறாரு. பையி கையில. மழையில மேல பாக்குறாரு, அவருக்குத் தெரியல. எனக்குக் கணக்கு எல்லாம் தெரியும்டி, அத்தனையும் பாடம். ஆனா ஒத்தக் கால வெளிய வைக்க முடியல. காய்ச்சல்ல போனாளே அத்த மக, அவ மொகமே வந்து நிக்கிது. இழுத்து மூடிட்டேன். ஆணியும் கூடவே வந்து அதே ஓட்டையில எறங்கிருச்சு."

நான் படியில் குந்திவிட்டேன். ஐம்பது வருடத்துக்கும் மேலாக நான் தூக்கிச் சுமந்தது என் பாரமே இல்லை. நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் மேலா, என் மேலா, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காமல் போன அப்பா மேலா என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து அலுமினியக்காரத் தம்பி கூப்பிட்டான். "அம்மா, மாட்டியாச்சு. வந்து தள்ளிப் பாருங்க."

அக்கா என் தோளைப் பிடித்து எழுந்து போனாள். உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். ஒரு சத்தமும் இல்லாமல் முழுக்கத் திறந்துகொண்டது. சாரல் உள்ளே வந்தது. அந்த ஜன்னலிலிருந்து மேலே பார்த்தால் அத்தை இருந்த நாலாவது வீடு தெரியும். இப்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள்.

"அத்த ஒங்கிட்டயும் கேட்டிச்சாக்கா? அப்பனுக்கு என்னா செஞ்சேன்னு?"

"கேக்காம? சாகக் கெடக்கையில கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டுச்சு."

"நீ என்னா சொன்ன?"

"நீங்க ஒன்னுமே செய்யல அத்தன்னு சொன்னேன்."

நான் அதைக்கூடச் சொல்லவில்லை.